நேற்றைய பாஸ்

இந்தக் காலத்தில் யாரும் யாரையும் நிறுத்தி, "யாருப்பா நீ, எங்க போற?" என்று கேட்பதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைச்சலாம். கடைக்குப் போனால் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. வருகிறவன் வாங்க வருகிறானா, தூக்கிக்கொண்டு ஓட வருகிறானா என்று அதற்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஏதோ ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தால் போதும், ஆபரேஷன் நடக்கிற அறை வரைக்கும் போய்விடலாம். எதிர்வீட்டுக்காரன் பெயர் தெரியாது. ஆனால் முகம் தெரியாத எவனோ ஃபோனில் கேட்டால், பெற்ற பிள்ளையின் பிறந்த தேதியிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார்கள்.

வேனை ஓட்டிக்கொண்டே பூட்டு இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ள இடமும் இல்லை. மூன்று பேர் காதிலும் பாட்டு அடைத்துக்கொண்டிருந்தது.

பூட்டு என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை, வேலையில் வாங்கிய பெயர். ஒரு பெரிய சரக்குக் கிடங்கின் கேட்டில் தலை நரைக்கும்வரை நின்றவர். முதலாளியின் கூடப்பிறந்த தம்பி ஒருநாள் பாஸை மறந்துவிட்டு வந்தார். கொட்டுகிற மழை. "நான் யாருன்னு தெரியுமா?" என்று தம்பி கத்தினார். "தெரியும். பாஸ் எங்க?" என்றார் இவர். தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டுதான் வந்தார். அன்றைக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர், வேலையை விட்டு நின்ற பிறகும் கூடவே வந்துவிட்டது. அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. பூட்டைப் பூட்டு என்று சொல்வதில் என்ன கோபம்?

இப்போது போவது பாட்டுக் கச்சேரிக்கு. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற கச்சேரி இல்லை இது. ஏரிக்கரையில், வெட்டவெளியில், கூடாரம் போட்டுத் தங்கி, வெள்ளியிலிருந்து ஞாயிறு வரைக்கும் கேட்கிற கச்சேரி. பேத்தியையும் அவள் சிநேகிதிகள் இரண்டு பேரையும் கூட்டிப்போக வேண்டியவர் மாப்பிள்ளைதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர் கடைசி நேரத்தில் காலை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டதால், மாப்பிள்ளை ஊரைவிட்டு நகர முடியவில்லை. மகளோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு விடுப்பு கிடைப்பதும் மழை கேட்டவுடன் பெய்வதும் ஒன்று.

"அப்பா, நீங்க போயிட்டு வாங்களேன்" என்றாள் மகள்.

"நானா? எனக்கும் அந்தக் கூத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைங்க கூட பெரியவங்க ஒருத்தர் உள்ளேயே இருக்கணுமாம்ப்பா. இல்லைன்னா விடமாட்டாங்க."

பூட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டுல நிறுத்திக் கேக்கறாங்களா?"

"கேக்கறாங்க."

"அப்ப ஏதோ கொஞ்சம் உருப்படியான ஆளுங்களாத்தான் இருக்கணும்" என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

பேத்திக்கு அவர் வைத்த பெயர் டமாரம். தவழுகிற வயதிலேயே கையில் கிடைத்த கரண்டியால் எட்டின இடத்தையெல்லாம் அடித்தவள். இப்போது நிஜமாகவே டிரம்ஸ் அடிக்கிறாள். கிடார் வாசிக்கிற சிநேகிதி நெட்டை. பாடுகிறவள் கீச்சு. கச்சேரி மைதானத்தில் பெரிய மேடைகளைத் தவிர, புதுக் கோஷ்டிகளுக்கென்று ஒரு சின்ன மேடை உண்டு. அதில் இந்த மூன்று பேருக்கும் சனிக்கிழமை மதியம் ஒரு இடம் கிடைத்திருந்தது. ஒரு பாட்டுக்குத்தான் நேரம். கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அடுத்த கோஷ்டியை ஏற்றிவிடுவார்கள். அந்த ஒரு பாட்டுக்காக மூன்றும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துகிற இடத்தில் போட்டு அடித்து, அக்கம்பக்கத்தார் அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தன.

"தாத்தா, அங்க வந்து யார்கிட்டயும் சண்டை போடாதீங்க, ப்ளீஸ்" என்றாள் டமாரம், இறங்குகிறபோது.

"நான் எதுக்குப் போடறேன்? அவனவன் ஒழுங்கா இருந்தா நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?"

"அதைத்தான் சொல்றேன்."

மைதானத்தின் வாசலில் பச்சைச் சட்டை மாட்டிய தாடிக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மூன்று பெண்களின் மணிக்கட்டிலும் ஊதா நிறத்தில் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றி இறுக்கினான். பூட்டின் கையில் மஞ்சள் பட்டை.

"இது துணைக்கு வர்ற பெரியவங்களுக்கு. உங்க பட்டை நம்பரோட இவங்க மூணு பேர் பட்டையும் சேர்ந்திருக்கு. நீங்க உள்ள இருந்தாத்தான் இவங்களும் உள்ள இருக்கலாம். வண்டி வரைக்கும் போயிட்டு வரலாம், அதுல ஒண்ணுமில்ல. திரும்பி வரும்போது பட்டையைக் காட்டணும்."

"சரி."

"உங்க பேரும் ஒரு போட்டோவும் எடுத்துக்கறேன் தாத்தா. கட்டாயம் இல்ல. ஆனா பட்டை தொலைஞ்சுட்டா மாத்திக் கொடுக்க வசதி."

பூட்டு தாடிக்காரனை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டையைக் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

"அதுதானே பாஸ்?"

"ஆமா."

"அப்ப என் மூஞ்சி உனக்கு எதுக்கு? எங்க கொண்டுபோய் எதுல ஒட்டுவியோ யாருக்குத் தெரியும்? நான் தொலைக்கிற ஆள் இல்ல. நீ வேலையைப் பாரு."

டமாரம் தலையில் கை வைத்துக்கொண்டாள். நெட்டை திரும்பி நின்று சிரித்தாள். தாடிக்காரன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அன்று சாயங்காலம் முழுக்கப் பூட்டு ஒரு கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல், கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எள் விழ இடமில்லாமல் கூடாரங்கள். அவற்றுக்கு நடுவே போகிறவர்கள், வருகிறவர்கள், தலை நீலமாக இருக்கிறவர்கள், தலையே இல்லாத அளவுக்கு மழித்தவர்கள்.

"யாரு நீ? எங்க போற?" என்று ஒருவனை நிறுத்திக் கேட்டார்.

"கக்கூசுக்கு, தாத்தா."

"அது அந்தப் பக்கம்."

"ரொம்ப நன்றி தாத்தா" என்று அவன் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு ஓடினான். அதிலிருந்து அந்த வரிசையில் இருந்தவர்களெல்லாம் வழி கேட்க அவரிடமே வர ஆரம்பித்தார்கள். அவர் விரட்டத்தான் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு அது புரியவில்லை.

மறுநாள் காலையில் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தபோதே எழுந்து, வாசலில் பட்டையைக் காட்டிவிட்டு வேனுக்குப் போனார். உள்ளே விற்கிற டீயை அவர் நம்பவில்லை. வேனில் தண்ணீர் டிரம்மும் சின்ன ஸ்டவ்வும் வைத்திருந்தார். முகம் கழுவி, டீ போட்டுக் குடித்து, ரொட்டி தின்று, வெயில் நன்றாக ஏறும்வரை சாவகாசமாக உட்கார்ந்திருந்தபோது, கையில் அந்த மஞ்சள் பட்டை உறுத்தியது.

இங்கேதான் அவருடைய வேலைப் பழக்கம் குறுக்கே வந்தது. கிடங்கில் வெளியாட்களுக்குக் கொடுக்கிற பாஸ் என்பது அன்றன்றைக்கு. சாயங்காலம் ஆனால் செத்துப்போகும். காலையில் வருகிறவனுக்குக் காலையில் புதுசு. நேற்றைய பாஸைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவன் ஏதோ வில்லங்கத்துக்குத்தான் வைத்திருக்கிறான் என்பது அவர் முடிவு. அதனால் வெளியே போகிறவனிடம் கேட்டில் வாங்கியவுடன் இரண்டாகக் கிழித்து, இரண்டையும் வேறு வேறு குப்பைத்தொட்டியில் போடுவார். ஒட்டவைத்துக்கொண்டு வந்துவிடக்கூடாது பாருங்கள்.

கத்தியை எடுத்து மஞ்சள் பட்டையை அறுத்தார். இரண்டாக வெட்டினார். ஒரு பாதி வேன் பக்கத்துத் தொட்டியில். இன்னொரு பாதியை ஸ்டவ் நெருப்பில் காட்டினார். வேலையை ஒழுங்காக முடித்த நிம்மதியோடு வாசலுக்கு வந்து கையை நீட்டினார்.

இப்போது வாசலில் தாடிக்காரன் இல்லை. அதே பச்சைச் சட்டையில் ஒரு பெண். கல்லூரிப் படிப்பை இப்போதுதான் முடித்தவள்போல இருந்தாள்.

"பட்டையைக் காட்டுங்க தாத்தா."

"நேத்து பட்டையை அழிச்சாச்சு. இன்னைக்குப் பட்டையைக் கட்டு."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார். புரிந்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் பூட்டுக்கு முதல்முறையாக ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பட்டது.

"தாத்தா, மூணு நாளைக்கும் ஒரே பட்டைதான்."

"ஒரே பட்டையா? யாராவது கழட்டி அடுத்தவனுக்குக் கொடுத்துட்டா?"

"அதுக்குத்தான் கழட்ட முடியாத மாதிரி கட்டறோம். அறுத்தா செல்லாது."

நல்ல யோசனைதான் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே அது தன் கழுத்தைப் பிடிக்கிற யோசனை என்றும் தெரிந்தது.

"சரி, வேற ஒண்ணு கட்டு. பட்டை தொலைஞ்சா மாத்திக் கொடுப்பீங்கன்னு அந்தத் தாடிக்காரன் சொன்னானே."

அவள் கையிலிருந்த கருவியில் தேடினாள். "உங்க பேர், போட்டோ எதுவுமே இல்லையே தாத்தா. நேத்து எடுக்கலையா?"

"வேண்டாம்னுட்டேன்."

"அறுத்த துண்டாவது இருக்கா? அதுல நம்பர் இருக்கும்."

"ஒரு துண்டு தொட்டில கிடக்கு."

"நம்பர் இருக்கற பக்கம்?"

பூட்டு தொண்டையைச் செருமினார். "எரிச்சுட்டேன்."

அவள் கருவியை மேசைமேல் வைத்தாள்.

"அந்தத் தாடிக்காரனைக் கூப்பிடு. அவன் என்னைப் பாத்திருக்கான்."

"அவருக்கு நேத்து ஷிஃப்ட். முடிச்சுட்டு ஊருக்குள்ள போயிட்டார். இனி நாளைக்குத்தான்."

"பேத்தி உள்ளதான் இருக்கா. கூப்பிட்டுக் கேளு. நான் யாருன்னு சொல்லுவா."

"பிள்ளைங்க சொல்றதை எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தாத்தா. போன வருஷம் ரெண்டு பசங்க, வெளியே நின்ன யாரையோ சித்தப்பான்னு சொல்லி உள்ள கூட்டிட்டு வந்துட்டாங்க."

"அதுவும் சரிதான்" என்றார் பூட்டு. வேறு என்ன சொல்ல முடியும்? அவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். புது டிக்கெட் ஏதாவது உண்டா என்று கேட்டுப் பார்த்தார். எல்லாம் என்றைக்கோ விற்றுத் தீர்ந்திருந்தது.

அவள் வாக்கி டாக்கியில் மேலே இருக்கிற யாரையோ கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். கரகரப்பாக ஒரு ஆண் குரல் வந்தது. "துணை ஆள் வெளிய இருக்காருன்னா பிள்ளைங்க உள்ள இருக்கக் கூடாது. கூடாரத்தோட வெளிய கொண்டுவரச் சொல்லு. இப்பவே."

பூட்டு சூரியனைப் பார்த்தார். மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மூன்றையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டால், கார் நிறுத்துகிற இடத்தில் இத்தனை நாள் அடித்ததெல்லாம் அங்கே அடித்ததோடு சரி.

கேட்டில் கெஞ்சுகிறவர்கள் எத்தனை விதம் என்று அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறவன். மேலே பெரிய ஆளைத் தெரியும் என்கிறவன். ரெண்டே நிமிஷம் என்கிறவன். ஒன்றுமே சொல்லாமல் கண்கலங்கி நிற்கிறவன். அத்தனை பேருக்கும் ஒரே பதிலை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்ன வாய் அது. இப்போது அந்த வாயைத் திறந்தால் இவற்றில் ஏதாவது ஒன்றுதான் வரும் என்று பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து சட்டைப்பையில் ஃபோன் அலறியது.

"தாத்தா, எங்க இருக்கீங்க?" டமாரம். பின்னால் ஒரே இரைச்சல். "முன்னாடி கோஷ்டி வரலையாம், எங்களை இப்பவே வந்து தயாரா நிக்கச் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு தாத்தா. சீக்கிரம் வாங்க."

பச்சைச் சட்டைப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுல இருக்கேன்" என்றார் பூட்டு. "நான் வந்தா பயம் போயிடுமா? நீ போய் அடி. யார் கூப்பிட்டாலும் அடிச்சு முடிச்சுட்டு வா."

ஃபோனை வைத்தார். பெண்ணைப் பார்த்தார்.

"பாப்பா, பட்டையை அறுத்தது நான். அதுங்க ஒரு தப்பும் பண்ணல. கூப்பிட வேண்டாம்னு சொல்லல, கூப்பிடு. ஒரே ஒரு பாட்டு. அதை அடிச்சு முடிக்கட்டும், அப்புறம் கூப்பிடு. அதுவரைக்கும் நான் இங்கயே உன் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கேன். எங்கயும் போக மாட்டேன். வேணும்னா வேன் சாவியை வச்சுக்கோ."

சாவியை எடுத்து அவள் மேசைமேல் வைத்தார்.

"வேனை வச்சு நான் என்ன தாத்தா பண்றது?" என்றாள் அவள். "நீங்க இங்க உக்காந்திருந்தா, அங்க அவங்களை யார் பார்த்துக்கறது? அதுக்குத்தானே ரூல்."

அதற்கு எதைச் சொன்னாலும் பொய்யாக இருக்கும். சாவியை மட்டும் அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

அவள் வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தாள். பொத்தானை அழுத்தப்போனாள். பிறகு அதைத் திருப்பி, பின்மூடியைத் தள்ளி, பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சட்டை நுனியால் அதை நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சரியா கேக்க மாட்டேங்குது" என்றாள், யாரையும் பார்க்காமல். "தூசி."

தூசியும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்போதுதான் அந்த ஆளின் குரல் அதில் தெளிவாகத்தான் கேட்டது. பூட்டுக்குக் கண் நன்றாகத் தெரியும். இதுவா வேலை பார்க்கிற லட்சணம் என்று நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. மேலிருந்து உத்தரவு வந்த பிறகு பேட்டரி துடைக்கிற ஆளைக் கேட்டில் வைத்தால் கேட் என்னத்துக்கு ஆகும்? பல்லைக் கடித்துக்கொண்டு, வேலியோரம் கிடந்த பலகைமேல் போய் உட்கார்ந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் எங்கிருந்தோ சத்தம் வந்துகொண்டிருந்தது. பெரிய மேடையில் ஒன்று, சின்ன மேடையில் ஒன்று, கூடாரங்களுக்கு நடுவே ஒன்று. தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி எல்லாம் ஒன்றாகக் கலந்து விழுந்தது. ஒன்று நின்றது. கைதட்டினார்கள். இன்னொன்று ஆரம்பித்தது.

"இதுதான் அதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியல தாத்தா. இங்கிருந்து எப்படித் தெரியும்?" இன்னும் அதே பேட்டரியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதுவும் நின்றது. கைதட்டினார்கள். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகத் தட்டின மாதிரி இருந்தது. அது அவர்களுக்குத்தானா, பக்கத்து மேடைக்கா? காதைக் கூர்மையாக்கிக் கேட்டும் பிடிபடவில்லை. வேலியின் இடுக்கு வழியாகப் பார்த்தார். யாருடைய முதுகோ தெரிந்தது.

ஃபோன் மணி அடித்தபோது, எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது தாத்தா!" என்றாள் டமாரம். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "முழுசா அடிச்சேன்! நடுவுல குச்சி கீழ விழுந்துடுச்சு, இன்னொண்ணை எடுத்து அடிச்சேன், யாருக்கும் தெரியல!"

"சரி" என்றார். பச்சைச் சட்டைப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் பேட்டரியைப் போட்டு, மூடியைத் தள்ளி, பொத்தானை அழுத்தினாள். "அந்த மூணு பிள்ளைங்களையும் வெளிய அனுப்பிடுங்க" என்றாள். கரகரப்புக் குரல் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டது. "ரேடியோ மக்கர் பண்ணுது சார்" என்றாள்.

மூன்று பேரும் கூடாரத்தை அரைகுறையாகச் சுருட்டி, பைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கூட வந்த பச்சைச் சட்டைக்காரர் ஒருவர், அவர்களின் ஊதாப் பட்டைகளை வாசலிலேயே அறுத்துக்கொண்டு போனார். கீச்சுவின் முகம் உப்பிப்போயிருந்தது. அவள் உயிரையே வைத்திருந்த பாட்டுக்காரர் அன்று சாயங்காலம்தான் பெரிய மேடையில் பாட இருந்தார்.

"என்ன தாத்தா ஆச்சு? ஏன் வெளிய அனுப்பறாங்க? யார்கிட்ட சண்டை போட்டீங்க?" என்றாள் டமாரம்.

"யார்கிட்டயும் இல்ல." நடந்ததை நடந்தபடி சொன்னார். நேற்றைய பாஸ் என்று நினைத்தது, அறுத்தது, நம்பர் இருந்த பாதியை எரித்தது.

"எரிச்சீங்களா?" என்றாள் நெட்டை.

"பாதியைத்தான்."

நெட்டைக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவள் சிரித்ததில் டமாரமும் சிரித்தாள். கீச்சு சிரிக்கவில்லை. "நான் ஆறு மாசமா காத்துக்கிட்டிருந்தேன் தாத்தா" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"என் தப்புதான்ம்மா" என்றார் பூட்டு. அதற்குமேல் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தாத்தா, நீங்க கேட்டீங்களா இல்லையா?" டமாரம் விடவில்லை. "எப்படி இருந்துது?"

"நாலஞ்சு கும்பல் அடிச்சுது. எது நீன்னு தெரியல."

"ஒண்ணுமேவா தெரியல?"

"எல்லாம் ஒரே சத்தமா இருந்துது. நீ அடிச்சியா, இல்லையா?"

"அடிச்சேன்."

"அப்புறம் என்ன?"

அவள் அவர் கையில் ஒரு குத்து விட்டுவிட்டு வேனைப் பார்த்து ஓடினாள். நெட்டையும் கீச்சுவும் பின்னால் போனார்கள். பூட்டு மேசைமேல் கிடந்த சாவியை எடுக்கத் திரும்பி வந்தார்.

"போயிட்டு வாங்க தாத்தா" என்றாள் பச்சைச் சட்டைப் பெண். "அடுத்த வருஷம் வந்தா போட்டோ எடுத்துக்குங்க."

பூட்டு சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். ஆனால் மனசில் இருப்பதைச் சொல்லாமல் அவருக்குக் கால் நகராது.

"பாப்பா, நீ இன்னைக்குப் பண்ணினது சரியில்ல. கூப்பிடுன்னு சொன்னா கூப்பிடணும். நானா இருந்தா அப்பவே கூப்பிட்டிருப்பேன்."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அப்ப உங்க பேத்தி இன்னைக்கு வாசிச்சிருக்க மாட்டாளே தாத்தா?"

"வாசிச்சிருக்க மாட்டா."

"அப்ப?"

பூட்டு யோசித்தார். வேன் பக்கமிருந்து டமாரத்தின் குரல் கேட்டது. குச்சி விழுந்த கதையை யாருக்கோ ஃபோனில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்தப் பெண் அடுத்த ஆளின் கையைப் பிடித்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதுக்காக?" என்றார் பூட்டு. "அதுக்காக கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிடறதா?"

அவள் பதில் சொல்வதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். கீச்சுவின் பை தோளில் இடிக்க, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, புழுதியில் இறங்கி வேனைப் பார்த்துப் போனார்.